ஸ்காட்லாந்தில் பாரம்பரியக் கல்யாணம்: தேதி குறிப்பதிலிருந்து சான்றிதழ் வாங்குவது வரை

இங்கிலாந்தில் பதிவுத் திருமணம் செய்ய உரிமம் பெற்ற இடம் வேண்டும். ஸ்காட்லாந்துச் சட்டம் இடத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறது. நடத்தி வைப்பவர் உரிமை பெற்றவராக இருக்க வேண்டும். அந்தத் தேதிக்கும் இடத்துக்கும் எழுதிய திருமண ஆவணம் அவர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் ஏரிக்கரையிலும் செய்யலாம், மலைச்சரிவிலும் செய்யலாம், கூரை இல்லாத பழைய கோட்டைக்குள்ளும் செய்யலாம். 1754இல் இங்கிலாந்தில் திருமணச் சட்டம் இறுகியபோது காதலர்கள் எல்லை தாண்டி, எல்லையோர ஸ்காட்லாந்து ஊரான கிரெட்னா கிரீனுக்கு ஓடி வந்ததும் இந்தத் தாராளத்தால்தான். 1856இல் 21 நாள் தங்கியிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அங்கே சாட்சிகள் முன் வாக்குச் சொல்லி முடிக்கும் கொல்லன் பட்டறைக் கல்யாணம் 1940 முதல் செல்லாது என்றானது. இன்று நடப்பில் இருக்கும் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெளிநாட்டவர் முன்கூட்டியே வந்து தங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தச் சுதந்திரத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கோட்டைக்காரர்கள் தேதியை எழுதிக்கொண்டு முன்பணம் வாங்குவார்கள், ஆனால் அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்பது அவர்கள் பொறுப்பில்லை. காகிதம் முழுக்க மணமக்கள் தலையில்தான். படத்தில் பார்த்த கோட்டையை முதலில் பிடித்துவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குபவர்களுக்குத்தான் கடைசி மாதத்தில் தூக்கம் கெடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசைக்கே முதலிடம் கொடுக்கிறோம். முதலில் பருவம். அடுத்து இடமும் நடத்துபவரும், இரண்டும் ஒரே வாரத்தில். பிறகு விசா, திருமண அறிவிப்பு, விருந்தினர் போக்குவரத்து. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கில்ட், காற்றுப்பை வாத்தியமான பைப், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

எந்த மாதம்?

பெரிய கோட்டை, சனிக்கிழமை, ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் 12 முதல் 18 மாதங்களுக்கு முன்பே பேச வேண்டும். வியாழக்கிழமைக்கு மாற்றினால் தேதியும் எளிதாகக் கிடைக்கும், விலையும் இறங்கும்.

எங்கள் சிபாரிசு மே மாதம். மேற்குக் கடற்கரையிலும் உயர்நிலப் பகுதியிலும் ஆண்டின் மழை குறைந்த காலங்களில் அது ஒன்று. பகல் நீளமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மிட்ஜ் தொல்லை அப்போது முழுதாகத் தொடங்கியிருக்காது. மிட்ஜ் என்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, கூட்டம் கூட்டமாகக் கடிக்கும் குட்டிப் பூச்சி. மே கடைசியில் தலைகாட்டி ஜூலை, ஆகஸ்டில் உச்சத்துக்குப் போகும். காற்றில்லாத, ஈரமான, மேகம் மூடிய காலையிலும் மாலையிலும் நீர்நிலை ஓரத்தில் நின்றால் உறுதிமொழியை முடிக்க விடாது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் அதனால் பறக்க முடியாது. எனவே கோடையில் ஏரிக்கரைதான் வேண்டும் என்றால், நாலு பக்கமும் மரம் அடைத்த ஓரத்தை விட்டு, காற்று வீசும் திறந்த மேட்டைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை நடுப்பகலில் வையுங்கள். 'ஸ்மிட்ஜ்' போன்ற விரட்டியை விருந்தினர் உட்காரும் இடத்தில் கூடையில் வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

ஜூன் நடுவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் இன்வெர்னஸ் பக்கம் மாலை மூன்றரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். குளிர்காலக் கல்யாணத்துக்கு அழகு உண்டு, ஆனால் சடங்கைப் பன்னிரண்டு மணிக்கே தொடங்காவிட்டால் வெளிப்புறப் படம் ஒன்றுகூடத் தேறாது. ஆகஸ்டில் எடின்பரோவைத் தவிர்ப்பது நல்லது. கலை விழாக் கூட்டத்தால் அறை வாடகை பல மடங்காகும். 2026 ஜூலை 24 முதல் அங்கே தங்கும் கட்டணத்தில் 5 சதவீதம் வருகையாளர் வரியும் சேர்கிறது, முதல் ஐந்து இரவுகளுக்கு. மாதம் எதுவானாலும் மழைக்கான மாற்று ஏற்பாடு இல்லாத வெளிப்புறத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடம்

முதலில் தலைகளை எண்ணுங்கள். எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் புனித மார்கரெட் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கட்டடம். நகரத்திலேயே பழையது, உள்ளே ஏறக்குறைய 20 பேர்தான் அடங்குவார்கள். லாக் டூயிக் என்ற கடல்நீர் ஏரியின் கரையில் இருக்கும் ஐலீன் டோனன் பார்ப்பதற்கு இடைக்காலக் கோட்டை போல இருந்தாலும், இன்று நாம் காண்பது 1912க்கும் 1932க்கும் இடையில் திரும்பக் கட்டப்பட்டது. சடங்குக்கு அருமையான இடம், ஆனால் விருந்தினர் தங்க வேறிடம் பார்க்க வேண்டும். ஸ்டெர்லிங் கோட்டை போன்ற அரசுப் பராமரிப்பிலுள்ள இடங்களை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு வாடகைக்கு விடுகிறது. கலேன் (Culzean) கோட்டை போன்றவை நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்ற அறக்கட்டளையிடம் இருக்கின்றன. இவை சுற்றுலாப் பயணிகள் வந்துபோகும் இடங்கள். சடங்கு எத்தனை மணிக்குத் தொடங்கலாம், கூட்டம் வெளியேறும் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். எடின்பரோவுக்கு அருகிலுள்ள டண்டாஸ் போன்ற தனியார் கோட்டைகளை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே தங்கும் அறைகளும் சேர்ந்தே வரும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை சில உண்டு. மழை பெய்தால் சடங்கு எந்த அறைக்கு மாறும், அந்த அறையில் எத்தனை நாற்காலி போடலாம்? இசைக்கு ஒலி வரம்புக் கருவி வைத்திருக்கிறார்களா? இந்தக் கருவி இருக்கும் மண்டபத்தில் டிரம்ஸ் சத்தம் எல்லை தாண்டினால் மின்சாரமே துண்டாகும், நடனம் பாதியில் நின்றுபோகும். சமையல்காரரை நாமே கொண்டுவரலாமா? நம் விஸ்கியைத் திறக்க பாட்டிலுக்கு எவ்வளவு கட்டணம்? சக்கர நாற்காலி போகுமா? சுழல் படிக்கட்டுகளில் பாட்டிகளை ஏற்ற முடியாது. இந்துச் சடங்கும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்கள் ஹோம குண்டத்தைப் பற்றி முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிட வேண்டும். பழைய மரக்கூரைக் கட்டடங்களில் திறந்த நெருப்புக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. முற்றத்தில் கூடாரம் போட்டு ஹோமத்தை அங்கே வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் ஒத்துவரும்.

கிளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவு போன்ற திறந்த வெளியில் ஐந்தாறு பேரோடு செய்பவர்கள், நிலத்தில் நடமாடும் பொது உரிமை எல்லோருக்கும் இருக்கிறது என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அந்த உரிமை நடப்பது, உட்கார்வது போன்றவற்றுக்குத்தான். நாற்காலி, வளைவு, கூடாரம் என்று போனால் நில உரிமையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

நடத்தி வைப்பவர்

மூன்று வழிகள் இருக்கின்றன. பதிவாளரே நடத்தும் பதிவுத் திருமணம், மதத் திருமணம், மனிதநேய அமைப்பு முதலிய நம்பிக்கை அமைப்புகளின் திருமணம். மனிதநேயத் திருமணம் 2005 முதல் சட்டப்படி செல்லும். கடவுள் பெயர் இல்லாமல், மணமக்களின் கதையைச் சொல்லி நடத்துவார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரிதும் இதை விரும்புகிறார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகர் தேவாலயத்துக்கு வெளியிலும் நடத்துவார். கத்தோலிக்கத் திருமணம் என்றால் தேவாலயம்தான். ஒருபால் திருமணம் 2014 முதல் சட்டத்தில் இருக்கிறது.

இடத்தை உறுதிசெய்யும் அதே வாரத்தில் நடத்துபவரையும் உறுதிசெய்யுங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் நல்லவர்கள் ஒரு வருடம் முன்பே நிரம்பிவிடுவார்கள். "நான் நடத்தி வைக்கிறேன்" என்று சொல்லும் எல்லோருக்கும் சட்ட உரிமை இருப்பதில்லை. அடையாளச் சடங்கு மட்டும் நடத்துபவர்களும் உண்டு. அவர் எந்த அமைப்பின் பெயரில் உரிமை பெற்றிருக்கிறார் என்று கேட்டு, மாவட்டப் பதிவாளரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காகித வேலை

வெளிநாட்டவர் தடுக்கி விழுவது இங்கேதான்.

விசாவை முதலில் பாருங்கள். பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமையோ, அங்கே நிரந்தரமாக வாழும் உரிமையோ இல்லாத மணமகனும் மணமகளும் ஆளுக்கொரு திருமண வருகையாளர் விசா எடுக்க வேண்டும். சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்து கல்யாணம் செய்ய முடியாது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சுற்றிப் பார்க்க வருவதற்கு விசா வேண்டாம், ஆனால் கல்யாணத்துக்கு வேண்டும். இதைத் தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இடத்தின் ரசீது, நடத்துபவரின் கடிதம், பதிவாளரோடு நடந்த மின்னஞ்சல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இடத்தையும் நடத்துபவரையும் முன்னால் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த விசாவில் ஆறு மாதத்துக்குள் மணம் முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும், தங்கிவிட முடியாது. விருந்தினருக்கு வழக்கமான வருகையாளர் விசா போதும். இந்தியா, இலங்கையிலிருந்து வரும் பெரியவர்களுக்குச் சொத்து, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் ஆதாரத்தோடு தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பிதழ் மட்டும் போதாது.

அடுத்தது எம்10. திருமண அறிவிப்புப் படிவத்தின் பெயர் அது. மணமக்கள் ஆளுக்கு ஒன்று நிரப்பி, சடங்கு நடக்கப்போகும் மாவட்டத்தின் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஏற்கமாட்டார்கள். 29 நாளுக்குக் குறைவாகவும் ஏற்கமாட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்கு முன் அனுப்புவதுதான் நல்லது. 2027 ஜூன் 19, சனிக்கிழமை கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 19க்கு முன் அனுப்பினால் திரும்பி வரும். மே 21 கடைசி நாள், அது அலுவலகத்தில் சேர வேண்டிய நாள். நீங்கள் குறிவைக்க வேண்டியது மார்ச் 27க்கும் ஏப்ரல் 10க்கும் இடைப்பட்ட இரண்டு வாரம்.

படிவத்தோடு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், முகவரி ஆதாரம் வேண்டும். முன்பு மணமாகி முறிந்திருந்தால் விவாகரத்துத் தீர்ப்பு, துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பிரிட்டிஷ், ஐரிஷ் அல்லாதவர்கள் குடிவரவு நிலை பற்றிய உறுதிமொழிப் படிவமும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத எந்தக் காகிதத்துக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவை. தமிழ்நாட்டுப் பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் பத்தியே காலியாக இருப்பது சகஜம். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே எடுத்துப் பார்த்து, பெயரைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். முதலெழுத்துப் பிரச்சினையும் உண்டு. சான்றிதழில் 'க. செல்வி' என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகவும் இருந்தால், இருவரும் ஒருவரா என்று பதிவாளர் கேட்பார். இரண்டும் ஒரே நபர் என்ற நோட்டரி உறுதிமொழியை அவர் கேட்பதற்கு முன்பே இணைத்து அனுப்புங்கள்.

வெளிநாட்டில் வசிப்பவர் மணமுடிக்கத் தடை எதுவும் இல்லை என்று தன் நாட்டிலிருந்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி வழங்கும் ஓர் அலுவலகம் கிடையாது. மணமாகாதவர் என்ற நோட்டரி உறுதிமொழி ஏற்கப்படுமா, ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அபோஸ்டில் முத்திரை அதில் வேண்டுமா என்று அந்த மாவட்டப் பதிவாளரிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நண்பருக்கு வேறு ஊரில் நடந்ததை நம்பிப் போகாதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். விசாவும் எம்10ம் ஒரே மூன்று மாதத்துக்குள் வந்து விழுகின்றன, விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் சில வாரம் உங்கள் கையில் இருக்காது. கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, சான்றளித்த நகலும் எடுத்து வையுங்கள். விசா நிலுவையில் இருக்கிறது என்பதைப் பதிவாளருக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

எல்லாம் சரியானதும் பதிவாளர் திருமண ஆவணத்தைத் தயாரிப்பார். பதிவுத் திருமணம் என்றால் அதை அவரே கொண்டுவருவார். மத, மனிதநேயத் திருமணம் என்றால் வழக்கமாக மணமக்களில் ஒருவர், சடங்குக்கு முந்தைய ஏழு நாளுக்குள் நேரில் போய் வாங்க வேண்டும். அப்பாவோ மாப்பிள்ளைத் தோழனோ போனால் தரமாட்டார்கள். கிராமப்புற அலுவலகங்கள் சில, வாரத்தில் ஒருசில மணி நேரம்தான் திறந்திருக்கும். உள்ளூர் விடுமுறைகளும் ஊருக்கு ஊர் மாறும். வெள்ளிக்கிழமை மாலை விமானத்தில் வந்து இறங்கி சனிக்கிழமை கல்யாணம் என்று திட்டம் போட்டால் இந்தக் காகிதம் கையில் கிடைக்காது, அது இல்லாமல் நடத்துபவர் சடங்கைத் தொடங்கமாட்டார். குறைந்தது மூன்று வேலை நாள் முன்னதாக வந்துவிடுங்கள். வாங்கும் இடத்திலேயே பெயர், தேதி, இடம் மூன்றையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மழைக்கான மாற்று இடம் வேறு முகவரியில் இருந்தால் அதையும் முன்பே பதிவாளரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சாட்சிகள் இருவர், 16 வயது நிரம்பியவர்கள். சடங்கு மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கலாம், ஆனால் அவரே சாட்சியாக இருக்க முடியாது. ஆங்கிலம் தடையில்லாமல் புரியும் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டால் வேலை சுலபம். பெரியவர்களுக்கு ஆசி வழங்கும் இடம் வேறு கொடுத்துவிடலாம்.

கில்ட்

கில்ட் அணிய ஸ்காட்லாந்துக்காரராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. மரியாதையோடு, சரியாக அணிந்தால் உள்ளூர்க்காரர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள். 1746ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு 1782இல் விடுதலை பெற்ற உடை இது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது அரச மரியாதையும் பெற்றது. கில்ட் துணியில் நெய்யும் பலவண்ணக் கட்டத்துக்கு டார்டன் என்று பெயர். டார்டன் கட்டங்களில் ஒரு குலத்துக்கு உரியவை, மாவட்டத்துக்கு உரியவை, பொதுவானவை என்று பல உண்டு. குலத் தொடர்பு இல்லாதவர்கள் பிளாக் வாட்ச், ராயல் ஸ்டூவர்ட், கேலடோனியா போன்ற பொதுவானவற்றை எடுத்துக்கொள்ளலாம். பால்மோரல் மட்டும் அரச குடும்பத்துக்கு உரியது. 2009 முதல் இயங்கும் அரசுப் பதிவேட்டில் கட்டங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நல்ல கில்டுக்கு எட்டு கஜம், அதாவது ஏறத்தாழ 7.3 மீட்டர் கம்பளித் துணி பிடிக்கும். கையால் தைத்து வாங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். வாடகை என்றால் ஆறு மாதம் முன்பே மொத்தக் குழுவுக்கும் ஒரே கடையில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளைத் தோழர்கள் நாலு பேருக்கு நாலு விதக் கட்டம் வரும்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஜீன்ஸ் இடுப்பளவைக் கொடுத்துவிடுவார்கள். கில்ட் கட்டும் இடம் தொப்புள் மட்டம், அங்கே சுற்றளவு ஜீன்ஸைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கலாம். நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடிக்காமல், இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இடுப்பின் அகலமான பகுதி இரண்டாவது அளவு. தொப்புளிலிருந்து முழங்கால் சில்லின் நடுப்பகுதி வரை மூன்றாவது அளவு. இதை மண்டியிட்டு நின்று அளந்தால் துல்லியமாக வரும். கில்டுக்குக் கீழே மடித்துத் தைக்கும் வழக்கம் இல்லை, அதனால் நீளம் தப்பினால் திருத்த முடியாது.

அணியும்போது மடிப்புகள் பின்பக்கம் வர வேண்டும், தட்டையான பகுதி முன்பக்கம். நூல் விட்ட ஓரம் அணிபவரின் வலது கைப் பக்கம் இருக்கும். கில்ட் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது இழுத்துக் கிழியும். வாடகைக் கடைகள் அபராதம் போடும் காரணங்களில் இது ஒன்று. ஸ்போரன் என்ற முன்பை, மேல்கோட்டுக்கு மூன்று விரற்கடை கீழே தொங்க வேண்டும். வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். காலுறையின் மடிப்பு முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்கும். கில்லி ஷூவின் நாடாவை முறுக்கி, கணுக்காலைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஆடுசதை வரை ஏற்றினால் பத்து நிமிடத்தில் வழுக்கி விழும். உட்காரும்போது பின்மடிப்பை இரண்டு கையாலும் தடவிக் கீழே விரித்துவிட்டு உட்காருங்கள். காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ என்ற சிறு கத்தி உண்மையானதாக இருந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டிக்குள் போகட்டும்.

மணமகள் வழக்கமான வெள்ளை உடையோ பட்டுப்புடவையோ உடுத்தலாம். மாப்பிள்ளை வீட்டு டார்டன் சால்வையைத் தோளில் போட்டு லக்கன்பூத் ஊசியால் குத்துவது மாப்பிள்ளையின் தாயோ மாப்பிள்ளையோ செய்யும் சடங்கு. இதயமும் கிரீடமும் கொண்ட அந்த ஊசி, எடின்பரோ ராயல் மைல் வீதியில் பூட்டி வைக்கப்படும் சிறுகடைகளில் விற்றதால் அந்தப் பெயர் பெற்றது. பட்டில் குத்தும்போது உட்புறம் ஒரு சிறு துணித்துண்டு வைத்துக் குத்துங்கள், கனத்தில் பட்டு கிழியாமல் இருக்கும். பூங்கொத்தில் வெள்ளை ஹெதர் வைப்பதும், காலணிக்குள் ஆறு பென்னி நாணயம் போடுவதும் நல்வாழ்வுக்காக. ஹெதர் பெரும்பாலும் ஆகஸ்டு, செப்டம்பரில் பூக்கும். மற்ற மாதங்களில் உலர்ந்தது கிடைக்கும்.

சடங்கு

சட்டத்துக்குத் தேவை மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதும், நடத்துபவர் அறிவிப்பதும், கையெழுத்தும். மீதியெல்லாம் மரபு. எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் முக்கால் மணி நேரம் தாண்டும், காற்றில் விருந்தினர் நடுங்குவார்கள். இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஹேண்ட்ஃபாஸ்டிங்கில் மணமக்கள் கைகோர்க்க, நடத்துபவர் டார்டன் துணியாலோ கயிற்றாலோ கட்டுவார். இரண்டு மீட்டர் நீளம் போதும். சாட்டின் நாடா வழுக்கும், தடித்த கம்பளி இறுகாது, மெல்லிய பருத்திக் கயிறு நன்றாக நிற்கும். கோர்த்த கைகளின் மேல் கயிற்றைக் குறுக்காகப் போட்டு, ஒவ்வொருவரும் மற்றவர் பக்கம் தொங்கும் முனையை விரல்நுனியால் பிடித்துக்கொண்டு கையை மெல்ல விலக்கினால், நடுவில் முடிச்சு தானாக விழும். வீட்டில் பத்து முறை பழகிப் பார்த்தால்தான் மேடையில் வரும். மோதிரம் மாற்றிய பிறகு கட்டுங்கள், முன்னால் கட்டிவிட்டு மோதிரத்துக்காக அவிழ்ப்பது அழகாக இருக்காது.

உறுதிமொழிக் கல் என்பது இருவரும் ஒரு கல்லின் மேல் கைவைத்து வாக்குக் கொடுப்பது. ஆற்றிலோ கடற்கரையிலோ பொறுக்காமல், இட உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். உள்ளங்கை இரண்டு தாங்கும் அளவு இருந்தால் போதும்.

க்வேக் என்ற இருகாது கிண்ணத்தில் விஸ்கி ஊற்றி, ஒருவர் மற்றவருக்குக் குடிக்கக் கொடுப்பார். இரண்டு கையாலும் பிடித்தால் மறுகையில் ஆயுதம் இருக்க முடியாது என்பதால் அது நம்பிக்கையின் அடையாளம். 50 மில்லி போதும். மது வேண்டாம் என்பவர்கள் ஆப்பிள் சாறு ஊற்றலாம். பெரிய க்வேக்கில் கொஞ்சமாக ஊற்றினால், வாயருகே வரும்போது மொத்தமும் ஒரேயடியாகச் சரிந்து உடையில் கொட்டும். சின்னக் கிண்ணமே நல்லது.

பைப்

பைப் வாசிப்பவர் விருந்தினர் வரும்போதும், மணமகள் நடக்கும்போதும், முடிந்து வெளியே வரும்போதும் வாசிப்பார். பிறகு விருந்து மேசைக்கு அழைத்துப் போவார். இந்த நான்கு இடமும் நேரத்தோடு ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இடையில் காத்திருக்கும் நேரத்துக்கும் பணம் உண்டு.

ஹைலண்ட் பைப்பில் ஒன்பது சுரங்கள்தான். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, சுருதியும் வயலின், ஆர்கனோடு சேராது. சின்னக் கல் அறைக்குள் வாசிக்கச் சொன்னால் குழந்தைகள் அழும், கேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வலிக்கும். கதவுக்கு வெளியே நிற்கவைத்தால் ஒலி உள்ளே அளவாக வந்து சேரும். குளிரிலும் ஈரத்திலும் சுருதி ஓடிவிடும், எனவே சூடேற்ற இருபது நிமிடமும் ஓர் அறையும் கொடுங்கள். நாதஸ்வரமும் வைத்திருந்தால் இரண்டையும் மாறி மாறி வாசிக்க விடுங்கள், சேர்த்து வேண்டாம்.

சாப்பாடும் விஸ்கியும்

முதல் பரிமாறலாக ஹேகிஸ் 80 முதல் 100 கிராம், உடன் மசித்த உருளையும் மஞ்சள் டர்னிப்பும். செம்மறியின் இதயம், ஈரல், நுரையீரலோடு ஓட்ஸ் கலந்து செய்வது ஹேகிஸ். சில தயாரிப்புகளில் மாட்டுக் கொழுப்பும் இருக்கும், மாட்டிறைச்சி சாப்பிடாத விருந்தினர் இருந்தால் பொட்டலத்தைப் படித்துக் கேளுங்கள். சைவ ஹேகிஸ் 1984 முதல் எடின்பரோ வட்டாரத்தில் தயாராகிறது, மிகச் சுவையானது. பாதிப் பேர் சைவம் என்றால் எல்லோருக்கும் அதையே வைக்கலாம். சைவம் என்று சொன்னால் அங்கே முட்டை சேர்ந்தே வரும் என்பதையும், க்ளூட்டி டம்ப்ளிங் என்ற இனிப்பில் மரபாக விலங்குக் கொழுப்பு உண்டு என்பதையும் சமையற்காரரிடம் தெளிவாகப் பேசுங்கள். ராஸ்பெர்ரி, கிரீம், ஓட்ஸ், தேன் சேர்ந்த க்ரானகனில் விஸ்கி இருக்கும். அதைத் தனியாக ஊற்றச் சொல்லலாம்.

ஹேகிஸை பைப்போடு ஊர்வலமாகக் கொண்டுவந்து, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதையைச் சொல்லிக் கத்தியால் வெட்டுவது விருந்தின் உச்சம். சமையலறையிலேயே தோலில் ஒரு சிறு கீறல் போட்டுவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெட்டும் கையில் கொதிக்கும் ஆவியும் கலவையும் தெறிக்கும்.

வாழ்த்துக்கு ஆளுக்கு 25 மில்லி என்றால் 70 சென்டிலிட்டர் பாட்டிலில் 28 பேருக்கு வரும். 80 பேருக்கு மூன்று பாட்டில். கடைகளில் மது காலை பத்து முதல் இரவு பத்து வரைதான் விற்பார்கள், கடைசி நேரத்தில் வாங்கலாம் என்று விடாதீர்கள். வாகனம் ஓட்டுபவருக்கான வரம்பு 2014 டிசம்பர் முதல் 100 மில்லி இரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஓட்டுபவர்கள் வாழ்த்துக் கோப்பையையும் தவிர்ப்பது நல்லது. மறுநாள் காலையிலும் கவனம் வேண்டும்.

கேய்லி

இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் குழு நடனம் இது. யாருக்கும் முன்பயிற்சி வேண்டாம், அறிவிப்பாளர் ஒவ்வொரு அடியையும் சொல்லித் தருவார். அறிவிப்பாளர் இல்லாத இசைக்குழுவை அமர்த்தினால் வெளிநாட்டு விருந்தினர் ஓரமாக நின்றுவிடுவார்கள். தொடக்கத்தில் ஜோடியாக வட்டத்தில் சுற்றும் கே கார்டன்ஸ், பிறகு மூவர் மூவராக எதிரெதிரே நிற்கும் டேஷிங் ஒயிட் சார்ஜென்ட். ஸ்ட்ரிப் த வில்லோவை எல்லோருக்கும் உடம்பு சூடேறிய பிறகு வையுங்கள், அதில் சுழற்சி வேகமாக இருக்கும். கண்ணாடி வளையல், கூர்மையான தோள்வளை, குதிகால் செருப்பு மூன்றையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. புடவையில் ஆடுபவர்கள் மடிப்பைக் கூடுதல் ஊசியால் இறுக்கிக்கொள்ளட்டும். தரை மரமாக இருந்தால் முழங்கால் தப்பும். மூன்று நடனத்துக்கு ஒரு முறை ஓய்வும், மேசைதோறும் தண்ணீர்க் கூஜாவும் வேண்டும். ஒன்பதரை மணிவாக்கில் ஸ்டோவீஸ் போன்ற சூடான எளிய உணவு கொடுத்தால்தான் நள்ளிரவு வரை கூட்டம் நிற்கும். கடைசியில் எல்லோரும் வட்டமாகக் கைகோர்த்து 'ஆல்ட் லாங் சைன்' என்ற பிரிவுப் பாட்டைப் பாடி முடிப்பார்கள். கைகளைக் குறுக்காக மாற்றிப் பிடிப்பது கடைசிச் சரணத்தில்தான்.

வண்டி

உயர்நிலப் பகுதியில் நள்ளிரவில் டாக்சி கிடைக்காது. கைபேசிச் செயலி எதுவும் உதவாது. தங்குமிடங்களுக்குப் போக இரண்டு நடை பேருந்து, பத்தரைக்கு ஒன்று, பன்னிரண்டேகாலுக்கு ஒன்று, ஆறு மாதம் முன்பே பேசிவிடுங்கள். கோட்டைக்குப் போகும் பாதையில் பெரிய பேருந்து திரும்ப இடமிருக்கிறதா என்று ஓட்டுநர் நிறுவனத்திடம் கேளுங்கள். பல இடங்களில் 33 பேர் வண்டிதான் நுழையும். எடின்பரோவிலிருந்து ஸ்கைக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். சொந்தமாக ஓட்டுபவர்கள், ஒற்றைத் தடச் சாலையில் ஒதுங்குமிடங்கள் எதிரே வருபவருக்கும் பின்னால் வருபவருக்கும் வழிவிடத்தான், படம் எடுக்க நிறுத்துவதற்கு இல்லை என்பதை நினைவில் வைக்கட்டும்.

கையெழுத்துக்குப் பின்

ஆவணத்தில் அழியாத கறுப்பு மையால் கையெழுத்திட வேண்டும். இரண்டு பேனா வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள், நடத்துபவர், இரு சாட்சிகள் என ஐந்து கையெழுத்து. மத, மனிதநேயத் திருமணத்தில் அந்தக் காகிதம் மூன்று நாளுக்குள் பதிவாளரிடம் திரும்பிப் போக வேண்டும். தேனிலவுக்குக் கிளம்பும் அவசரத்தில் கோட் பையிலேயே தங்கிவிடுவது இதுதான். மறுநாள் ஊரில் இருக்கும் ஒருவர் பெயரை முன்பே குறித்து, கெட்டியான உறையோடு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பதிவு முடிந்ததும் சான்றிதழ்ப் பிரதி குறைந்தது மூன்று கேளுங்கள். ஒன்றைப் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் சட்டமயமாக்கல் அலுவலகத்துக்கு அனுப்பி அபோஸ்டில் முத்திரை வாங்கினால், இந்தியாவில் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்ப்பதற்கும் வங்கி வேலைகளுக்கும் அதைக் காட்டலாம். ஊர் திரும்பிய பிறகு தபாலிலும் இதைச் செய்ய முடியும், ஆனால் பிரிட்டனில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் வாரக்கணக்கில் காத்திருப்பது குறையும்.